நட்டம் என்று எழுதுவதற்கு முன்

அனிற்றா,

நீ புறப்பட்டு இன்றோடு ஒன்பது நாள். விமான நிலையத்துக்குப் போகும் ரயிலில் உன்னை ஏற்றிவிட்டு, ஸ்தாசியோனே சென்ட்ராலே நிலையத்துக்கு வெளியே, எங்கள் பிரான்காச்சோப் பக்கம் போகும் பஸ்ஸுக்காக நின்றபோதே இந்தக் கடிதத்தை மனதுக்குள் தொடங்கிவிட்டேன். போனில் கதைக்கலாமே என்று அம்மா சொன்னாள். போனில் நான் உன்னோடு ஒழுங்காகக் கதைத்ததில்லை என்பது அவளுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். முக்கியமான விஷயம் வரும்போதெல்லாம் அங்கே குளிரா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுகிறவன் நான். எழுதினால் அப்படி நழுவ முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நீ போவதற்கு முதல் நாள் மத்தியானம், அம்மா சமைத்துக்கொண்டிருக்க, நீ சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தாய். நான் கபோ சந்தையில் வாங்கிய கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

“அப்பா, இதைக் கொஞ்சம் பாருங்கோ. எங்கட விளையாட்டுத் துறையில நாலு குழுவை மூடப் போகினம். படகோட்டம், டெனிஸ், வாள்வீச்சு, நீச்சல். ஒவ்வொண்டாலயும் எவ்வளவு நட்டம் எண்டு எழுதிற வேலை எனக்குத்தான் வந்திருக்கு. அடுத்த மாசம் ஒரு கூட்டத்தில அந்த அறிக்கையை வைக்கவேணும்.”

“நீச்சலுமோ?”

“ஓம். நீச்சலும்.”

பிறகு நீ எனக்கு விளக்கினாய். அமெரிக்காவில் நீ படித்த கல்லூரி வேறு, இப்போது வேலை செய்கிற கல்லூரி வேறு; ஆனால் எதுவானாலும் கல்லூரியின் விளையாட்டுத் துறை என்றால் அங்கே ஒரு தனிக் கம்பனி மாதிரி என்றாய். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அவர்களுடைய கால்பந்துக்குத்தான் தொலைக்காட்சிப் பணமும் நுழைவுச்சீட்டுப் பணமும் வருகிறது என்றும், மற்றக் குழுக்கள் எல்லாம் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன என்றும் சொன்னாய். ஆனால் அந்தக் கால்பந்துக்குள்ளேயே பணம் எப்படிப் போகிறது என்றும் சொன்னாய். வேலையை விட்டு நிறுத்திய பயிற்சியாளருக்கு ஒப்பந்தம் முடியும்வரை சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், புதியவருக்கு அதைவிடக் கூடக் கொடுக்கிறார்கள். தொலைக்காட்சிக்காகப் பெரிய லீக்கில் சேர்ந்ததால், இருபது பேர் பார்க்கிற டெனிஸ் ஆட்டத்துக்கும் பிள்ளைகள் நாட்டின் அந்தத் தலைக்கு விமானத்தில் போய் வருகிறார்கள். இப்போது விளையாடுகிற பிள்ளைகளுக்கே பணம் கொடுக்கவேண்டும் என்றும் வந்துவிட்டது. அது நியாயம்தான், ஆனால் அதற்குப் பணம் எங்கிருந்தாவது வரவேண்டும், அதற்குத்தான் இந்த நாலு குழுக்கள் என்றாய். நான் கீரையை விட்டுவிட்டுக் கேட்டேன். நீ கடைசியாகச் சொன்னதுதான் எனக்குள் போய்க் குத்தியது.

“புலமைப்பரிசிலை முழு விலைக்குச் செலவாப் போடினம், அப்பா. ஆனா அது ஒரு பொக்கற்றில இருந்து மற்றப் பொக்கற்றுக்குப் போற காசு. கல்லூரிதான் குடுக்குது, கல்லூரிதான் வாங்குது. பாதிப் பரிசிலில வாற பிள்ளையள் கட்டிற மிச்சக் காசு துறையின்ர கணக்கில வாறதே இல்லை. அதையும் சேர்த்துப் பார்த்தால் வாள்வீச்சு நட்டமே இல்லை. மேலதிகாரியிட்டைச் சொன்னன். துறையின்ர செலவு நிரலை மட்டும் போடு எண்டார்.”

“பிறகு?”

“அதுதான் உங்களைக் கேக்கிறன். அவர் சொன்ன மாதிரி எழுதிக் குடுக்கிறதோ, எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் எழுதிறதோ? நீங்க என்ன சொல்லுறியள்?”

நான் உன் முகத்தைப் பார்த்தேன். பிறகு, “இறால் ஆறுது. முதல்ல சாப்பிடு” என்றேன். நீ மடிக்கணினியை மூடினாய். கோபப்படவும் இல்லை. அந்தக் கோபமில்லாத முகம்தான் என்னை இந்த ஒன்பது நாளும் விடவில்லை.

ஏனென்றால், பிள்ளை, கனகாலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நீ ஒரு விஷயம் முடிவதற்கு முன் என்னிடம் கேட்டாய். நீ படித்த கல்லூரியில் உன் நீச்சல் குழுவை மூடிய அந்த வருடத்திலிருந்து நீ எனக்கு முடிந்துபோன செய்திகளை மட்டும்தான் சொல்லி வந்தாய். பாடத்தை மாற்றினேன், வேலை கிடைத்தது, வீடு மாறினேன் என்று. அதை நான் கவனிக்கவில்லை என்று நீ நினைத்திருக்கலாம். கவனித்தேன். அதற்குக் காரணம் நான்தான் என்றும் தெரியும். ஆனால் அந்தக் காரணத்துக்குப் பின்னால் வேறொரு கதை இருக்கிறது. அதை உனக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை.

நான் வேலை செய்கிற கழகத்தின் நீச்சல் தடாகத்துக்கு நீ என்னோடு வரத் தொடங்கியது, அம்மாவுக்குச் சனிக்கிழமையும் எஜமானி சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை இருந்ததால்தான். உன்னை விட்டுவர வேறு இடமில்லை. நான் தரையைக் கழுவிக்கொண்டிருக்க நீ வாங்கில் உட்கார்ந்து படம் கீறுவாய். பயிற்சியாளர் சாந்த்ரா ஒருநாள் உன்னிடம் வந்து, இந்தப் பிள்ளை ஏன் காய்ந்துபோய் இருக்கிறது என்று கேட்டுத் தண்ணீருக்குள் இறக்கினார். அதற்குப் பிறகு உன்னை வெளியே எடுப்பதுதான் வேலையாகிவிட்டது. பதினெட்டு வயதில் அமெரிக்காவிலிருந்து ஒரு பயிற்சியாளர் காணொளியில் வந்து கதைத்ததும், பாதிச் செலவைக் கல்லூரி ஏற்கும் என்றதும், மீதிப் பாதிக்காக அம்மா இரண்டாவது வீட்டில் வேலை எடுத்ததும் உனக்குத் தெரிந்த கதை. உனக்குத் தெரியாதது அதற்கு மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது.

அப்போது தடாகத் தண்ணீரைச் சூடாக்குகிற எரிவாயுவின் விலை ஏறிவிட்டது. கழகத்தின் கணக்கைப் பார்க்கிறவர், நாங்கள் டொட்டோரே என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர், ஒருநாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அத்தனை வருடத்தில் அந்த அறைக்குள் நான் கூட்டிக் கழுவத்தான் போயிருக்கிறேன். அன்று கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். மேல்மாடி ஜிம்தான் கீழே தடாகத்தைக் காப்பாற்றுகிறது, இப்படியே போனால் எல்லாவற்றையும் மூடவேண்டி வரும், எந்த மணித்தியாலத்தில் எத்தனை பேர் தண்ணீருக்குள் இருக்கிறார்கள் என்று ஒரு மாதம் எழுதித் தா என்றார். உன்னைவிட வேறு யார் ஒழுங்காகச் செய்வார்கள் என்றும் சொன்னார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உனக்குச் சொல்லவேண்டும். வரும் வழியிலேயே கட்டம் போட்ட கொப்பி ஒன்று வாங்கினேன். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். பெருமையோடு பயமும் இருந்தது. அந்த வருடம் எங்கள் வதிவிட அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பிக்கவேண்டும், அதற்கு வேலை ஒப்பந்தம் காட்டவேண்டும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர் டொட்டோரே. அவர் எதைக் கேட்டிருந்தாலும் நான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

வியாழக்கிழமை காலையில் ஒரு பெண்கள் குழு வந்தது உனக்கு ஞாபகம் இருக்காது, நீ பள்ளியில் இருப்பாய். முழங்கால் தேய்ந்தவர்கள், பக்கவாதம் வந்து ஒரு கை இழுத்தவர்கள். அவர்களில் ரொசாலியா என்கிற அம்மா எல்லோருக்கும் முன்பே வந்துவிடுவார். பக்கத்து அடுக்குமாடியில் தனியாக இருந்தவர். எனக்கு இத்தாலியன் ஒழுங்காக வராத காலத்தில், நான் தரையைத் துடைக்கத் துடைக்க, நான் பிழையாகச் சொன்ன சொல்லை நிறுத்தித் திருத்தி மறுபடி சொல்ல வைப்பார். நிலத்தில் நடக்கும்போது தடியை ஊன்றி ஊன்றி வருகிறவர், தண்ணீருக்குள் இறங்கினதும் தடியில்லாமல் அந்தக் கரைவரை நடந்து போய்த் திரும்பி என்னைப் பார்ப்பார். பார்த்தாயா என்று கேட்கிற பார்வை.

கொப்பியில் நான் வியாழக்கிழமைக்கு நேரே ஆறு என்று எழுதினேன். நாலு வாரமும் ஆறு. பக்கத்தில் இருந்த குழந்தைகள் வகுப்புக்கு நேரே முப்பது, முப்பத்திரண்டு. எவருக்கும் பார்த்தவுடன் தெரியும். அடுத்த மாதம் வியாழக்கிழமைக் காலை வகுப்பை நிறுத்தினார்கள். வாசலில் அறிவித்தல் ஒட்டச் சொன்னதும் என்னிடம்தான். அவர்கள் வருகிற நேரத்துக்கு நான் மேலே ஜிம்முக்குப் போய்விட்டேன். கீழே அவர்கள் கதைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

சில மாதம் கழித்துக் கபோ சந்தையில் மீன் கடைக்கு முன்னால் ரொசாலியாவைக் கண்டேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் தடியோடு, இரண்டு அடிக்கு ஒருமுறை நின்று நின்று வந்தார். என்னைக் கண்டதும் மகளிடம், இவர்தான் எங்களுக்கு எப்போதும் துவாயைச் சூடாக வைத்திருந்தவர் என்று அறிமுகம் செய்து என் கன்னத்தைத் தட்டினார். நான் சிரித்தேன். மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். அம்மா ஏன் என்று கேட்டதற்கு நல்ல மீன் இல்லை என்றேன்.

இப்போது நீ அழைத்த அந்த நாளுக்கு வருகிறேன். உனக்கு அங்கே காலை, எனக்கு இங்கே பின்னேரம். வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். கை ஈரத்தோடு போனை எடுத்தேன்.

“அப்பா, குழுவை மூடிட்டினம்.”

“எந்தக் குழுவை?”

“எங்கடையை. ஆம்பிளையளின்ரை, பொம்பிளையளின்ரை ரெண்டும். காணொளியில கூப்பிட்டு அஞ்சு நிமிசத்தில சொல்லிப்போட்டு வைச்சிட்டினம். ஒருத்தரையும் கேள்வி கேக்க விடேல்லை.”

நீ அழுதாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஒரு சொல் தவறாமல் ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது.

“அவையளுக்கு நட்டம் எண்டால் அவை என்ன செய்யிறது, பிள்ளை? படிக்க விடுகினம்தானே. வாயைத் திறக்காமல் படிப்பைப் பார்.”

பிறகு நீ, “நீங்களும் அவையின்ரை பக்கமோ?” என்றாய். நீ வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அம்மாவின் பிறந்தநாள் வரும்வரை நீ அழைக்கவில்லை.

பாதிப் பரிசிலில் இருக்கிற பிள்ளை எதிர்த்துக் கதைத்தால் அந்தப் பாதியும் போய்விடும் என்று பயந்தேன், அது உண்மைதான். ஆனால் அது முழு உண்மை இல்லை. அங்கே ஒருவர் உன் குழுவுக்கு நேரே ஏதோ ஒரு எண்ணை எழுதியிருக்கிறார். அது யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரைப் பிழை என்று சொன்னால் என்னையும் பிழை என்று சொல்லவேண்டும். பெற்ற பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போது நான் அந்த முகம் தெரியாதவருக்காக வாதாடினேன். எனக்காகத்தான் வாதாடினேன். இதற்கு மன்னிப்பை இத்தனை வருடம் கழித்து ஒரு கடிதத்தில் கேட்பது சரியோ தெரியாது. கேட்கிறேன். அன்றைக்கு நீ என்னிடம் எதிர்பார்த்தது ஒன்றும் பெரிதில்லை. ‘ஐயோ பிள்ளை’ என்று ஒரு வார்த்தை. அது என் வாயில் வரவில்லை.

நீ அழைக்காத அந்த வாரங்களில் எனக்கு வேலையில் மனம் போகவில்லை. ஒருநாள் பொயிலர் அறையைக் கூட்டும்போது, டொட்டோரே அங்கே போட்டு வைத்திருந்த எரிவாயு பில்களின் பெட்டியைக் கண்டேன். வியாழக்கிழமை வகுப்பை நிறுத்துவதற்கு முந்திய குளிர்கால பில்லையும் நிறுத்திய பிறகு வந்த குளிர்கால பில்லையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விலையை விட்டுவிட்டு, எரித்த அளவை மட்டும் பார்த்தேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அது எனக்குப் பார்க்காமலே தெரிந்திருக்கவேண்டும். தண்ணீரை ஒரு மணித்தியாலத்துக்கு ஆறவிட்டு மறுபடி சூடாக்குவதில்லை. காலை ஆறு மணிக்குச் சாந்த்ராவின் போட்டிக் குழு வருகிறது, மத்தியானம் குழந்தைகள் வருகிறார்கள். இடையில் ஆறு பேர் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் பொயிலர் எரியத்தான் செய்யும். பொயிலரைப் பார்க்கிறவன் நான். கொப்பியில் தலைகளை எண்ணி எழுதினவனும் நான். இந்த ஒரு வரியை மட்டும் எழுதவில்லை, ஏனென்றால் அதை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

இரண்டு பில்லையும் எடுத்துக்கொண்டு டொட்டோரேயின் அறைக்குப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

“இதை ஏன் அப்ப சொல்லேல்லை?” என்று இத்தாலியனில் கேட்டார்.

“நீங்கள் எத்தனை பேர் என்றுதான் கேட்டீர்கள்.”

“அது சரி.” பில்களை மேசையில் வைத்தார். “ஆனால் அந்த நேரத்துக்கு ஒரு உயிர்காப்பாளர் நிற்கவேணும். அந்தச் சம்பளம் மிச்சம்தானே?”

“சாந்த்ரா காலைக் குழு முடிந்து மத்தியானம்வரை இங்கேதான் இருக்கிறார். அவருக்குச் சம்மதம். கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை, அனிற்றா. உன் மேலதிகாரியும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. வியாழக்கிழமை வகுப்பை மறுபடி மூன்று மாதம் நடத்திப் பார்க்கலாம் என்றார். அது இன்றைக்கும் நடக்கிறது. இதையெல்லாம் உனக்கு அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் வகுப்பை ஏன் மறுபடி தொடங்கினீர்கள் என்று நீ கேட்பாய், முதலில் யார் நிறுத்தினது என்றும் கேட்பாய் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பழைய ஆட்களைத் தேடி நானே வீடு வீடாகப் போனேன். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் மகனோடு வடக்கே போய்விட்டார். ரொசாலியா வந்தார், மகள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தாள். சாந்த்ராவும் நானும் பிடித்து மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினோம். தண்ணீருக்குள்ளும் அவரால் இப்போது நடக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று முடிந்து துவாயைச் சுற்றி உட்கார வைத்தபோது, நான் அவருக்கு முன்னால் குந்தியிருந்து சொன்னேன். இந்த வகுப்பை நிறுத்தக் காரணமான கொப்பியை எழுதினது நான்தான், ஆறு பேர் மட்டும்தான் வருகிறார்கள் என்று எழுதினேன் என்று. அவர் என்னைத் திட்டுவார், இல்லாவிட்டால் பரவாயில்லை என்பார் என்று நினைத்தேன். அவர் விரலை மடக்கி எதையோ எண்ணினார். பிறகு சிசிலியப் பேச்சில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்.

“ஆறு இல்லை. ஏழு. கொன்செத்தாவை விட்டிட்டாய். அவள் பேரனைப் பள்ளிக்கூடத்தில விட்டிட்டு எப்பவும் அரைமணி பிந்தித்தானே வருவாள்.”

நான் ஒவ்வொரு வியாழனும் வகுப்புத் தொடங்கிய உடனே எண்ணி எழுதிவிட்டு மேலே போய்விடுவேன். ஏழாவது ஒருவர் இருந்ததே எனக்குத் தெரியாது. அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட கொப்பி, பிள்ளை. அதில் எண் கூடச் சரியில்லை. ரொசாலியா அதற்குப் பிறகு என்னிடம் அதைப்பற்றிக் கதைக்கவே இல்லை. அடுத்த வாரம் கொன்செத்தாவின் விலாசத்தை மட்டும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வந்து தந்தார்.

அன்று மேசையில் நீ கேட்ட கேள்விக்கு இப்போது எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். உன் கல்லூரியின் கணக்கு என் தலைக்கு எட்டாதது. ஆனால் ஒவ்வொரு குழுவுக்கும் நேரே நட்டம் என்று எழுதுவதற்கு முன், அந்தக் குழுவை மூடினால் எந்தச் செலவு உண்மையாக நிற்கும், எது அப்படியே தொடரும் என்று எழுது. உன் குழுவை மூடின பிறகும் அந்தத் தடாகம் மூடப்படவில்லை என்று நீதானே பிறகு அம்மாவிடம் சொன்னாய். மற்ற மாணவர்கள் அங்கே நீந்திக்கொண்டுதான் இருக்கிறார்கள், தண்ணீர் சூடாகத்தான் இருக்கிறது. அந்தத் தடாகத்தின் செலவு முழுவதையும் உங்கள் தலையில் எழுதித்தான் உங்களை நட்டம் என்றார்கள் போலிருக்கிறது. பாதிப் பரிசிலில் வந்த பிள்ளையின் வீட்டில் இருந்து வந்த மீதிப் பணம் எந்தக் கணக்கிலும் காணாமல் போகக்கூடாது. அது உன் அம்மா இரண்டாவது வீட்டில் நிலம் துடைத்து அனுப்பியது. அப்படி அனுப்புகிற அம்மாக்கள் அந்த வாள்வீச்சுப் பிள்ளைகளுக்கும் இருப்பார்கள்.

எழுதுவதற்கு முன் அந்த நாலு குழுவையும் போய்ப் பார். தொடங்கும்போது பார்த்துவிட்டு வந்துவிடாதே, முடியும்வரை நில். எல்லாம் பார்த்த பிறகும் ஒரு குழுவை மூடத்தான் வேண்டும் என்று உனக்குப் பட்டால் அதையும் எழுது. எதையும் ஒருநாளும் மூடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் கழகத்தில் வெளியே இருந்த சின்னப் பிள்ளைகளின் தடாகம் அடியில் வெடித்துத் தண்ணீர் நிற்காமல் போனபோது அதை மூடச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அது சரியான முடிவு. மூடுவதென்றால் மட்டும், அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்று சொல்லுங்கள் என்று உன் மேலதிகாரியிடம் கேள். அவர் மாட்டேன் என்றால் நீ போ. அவர்கள் கேள்வி கேட்கட்டும். நான் மேலே ஜிம்முக்குள் ஒளித்த மாதிரி ஒளிக்காதே.

உன் விசா அந்த வேலையில் தொங்குகிறது என்பது எனக்குத் தெரியும். நீ அதை மேசையில் சொல்லவில்லை. ஆனால் கேள்வியைக் கேட்டபோது நீ நகத்தைக் கடித்ததைப் பார்த்தேன். பெர்மெஸ்ஸோவுக்காகக் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் வரிசையில் நின்ற காலத்தில் நானும் அப்படித்தான் கடித்தேன். பேப்பருக்காகப் பயந்து வாழ்கிறவன் எப்படி யோசிப்பான் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். தனக்கு முன்னால் வைத்ததை மட்டும் பார்ப்பான், கேட்டதை மட்டும் எழுதுவான். உன்னை அந்தப் பயத்தோடு வளர்த்தது நாங்கள்தான். நல்லாகப் படி, எதிர்த்துக் கதைக்காதே, பேப்பர் கவனம் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தோம். அதில் நடுவில் இருந்ததைச் சொல்லியிருக்கக் கூடாது. நீ தெரிந்ததை எல்லாம் எழுதி, அதனால் அந்த வேலை போய், விசாவும் போனால், வீட்டுக்கு வா. சனம் என்ன கதைக்கும் என்று நான் யோசிக்க மாட்டேன். கோயிலில் யாராவது கேட்டால் நானே சொல்வேன், என் மகள் ஒரு கணக்கைச் சரியாக எழுதினாள், அதனால் வந்துவிட்டாள் என்று. இதை நீ எழுதிய பிறகு நான் சொன்னால் அதில் ஒரு பிரயோசனமும் இல்லை. அதனால் இப்போதே சொல்கிறேன்.

நீ மேலதிகாரி சொன்ன மாதிரியே எழுதிக் கொடுத்தாலும் நான் உன்னை ஒன்றும் சொல்லமாட்டேன். அந்த இடத்தில் இருந்து எழுதினவன் நான். ஆனால் எழுதிவிட்டு எத்தனை வருடம் மீன் கடைக்கு வேறு பாதையால் போனேன் என்பதும் எனக்குத்தான் தெரியும்.

இன்னும் ஒன்று. நீ அமெரிக்காவில் படித்த முதல் மூன்று வருடத்தில் நாங்கள் ஒருமுறை கூட வந்து பார்க்கவில்லை. முதல் வருடம் பணம் இல்லை என்றோம், இரண்டாம் வருடம் அம்மாவின் சிஞ்ஞோரா விடமாட்டார் என்றோம், மூன்றாம் வருடம் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. நேற்று டொட்டோரேயிடம் பத்து நாள் லீவு கேட்டேன். இத்தனை வருடத்தில் இவ்வளவு நாள் சேர்த்துக் கேட்டது இதுதான் முதல் தடவை என்பதால் அவர் யாருக்காவது சுகமில்லையா என்று கேட்டார். மகளுக்கு ஒரு கூட்டம் இருக்கிறது என்றேன். அம்மாவும் தன் இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டாள். டிக்கெட் எடுத்தாயிற்று. உன் அறிக்கை மேசைக்குப் போகிற அந்தக் கூட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் நாங்கள் வந்து இறங்குகிறோம்.

கூட்டம் நடக்கிற கட்டடத்துக்குள் நான் வரமாட்டேன், பயப்படாதே. எதிரே உட்கார எங்கேயாவது இடம் இருக்கும், இல்லாவிட்டால் நிற்பேன். எத்தனை மணிக்கு முடியும் என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நீ எந்த முகத்தோடு வெளியே வந்தாலும் முதலில் காண்பது எங்கள் இரண்டு பேரையும்தான். நீ சொல்லத் தொடங்கினால், சொல்லி முடிக்கும்வரை நான் வாய் திறக்கமாட்டேன்.

அப்பா